அவள் ஜெபத்துக்குச் சபை சிரித்தது

எண்பதுகளின் தொடக்கத்தில் வில்லாபுரத்தில் நாங்கள் போய்வந்த சபை சிறியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில்தான் உட்காருவோம். எங்கள் போதகர் இளைஞர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அவருடைய ஸ்கூட்டர் திருப்பரங்குன்றம் ரோட்டில் நின்றுபோய், கல்யாண ஊர்வலத்துக்கு நடுவே தள்ளிக்கொண்டு போன கதையை அவர் சொன்னபோது நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். ஆலயத்தில் சிரிப்பே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் பஞ்சு மில்லில் வேலை பார்த்தாள். வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் என்னோடு சபைக்கு வருவாள். புருஷன் வரமாட்டான். குடித்துவிட்டு வந்தால் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிவான். ஒருமுறை அந்தத் தட்டு பிள்ளையின் நெற்றியைக் கிழித்துவிட்டது. போதகரிடம் சொல்ல வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று என்னை அழைத்தாள். போனோம். அவள் அழாமல்தான் சொன்னாள்.

"அந்த மனுசனத் திருத்துங்கன்னு ஆண்டவர்கிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுங்கய்யா. இப்ப ஒண்ணுதான் கேக்குறேன். அவரு தட்டத் தூக்குறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிருங்க ஆண்டவரே, பிள்ளைய இழுத்துக்கிறேன்னு."

போதகர் கண்ணை மூடி அவளுக்காக ஜெபித்தார். உருக்கமாகத்தான் ஜெபித்தார்.

சில வாரங்கள் கழித்து, ஓயாமல் ஜெபிப்பதைப் பற்றிப் பிரசங்கம். "ஒரு சகோதரி இருக்காங்க" என்று ஆரம்பித்தார். அவள் குரலை, அவள் ஊர்ப் பேச்சின் இழுவையை அப்படியே எடுத்துக்கொண்டார். "ஆண்டவரே, தட்டு வருது, தட்டு வருது!" என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டினார். "பரலோகத்துல தூதர்களுக்கு வேற வேலையே இல்ல. அந்தம்மா வீட்ல நின்னு கேட்ச் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க!"

சபை வெடித்துச் சிரித்தது. சிலர் கை தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தானும் உதட்டை விரித்தாள். கை மட்டும் பிள்ளையின் முடியை நெற்றித் தழும்பின் மேல் இழுத்து விட்டுக்கொண்டே இருந்தது.

ஆராதனை முடிந்ததும் நேரே அவரிடம் போனேன்.

"நான் பேரச் சொல்லலியே டீச்சர்" என்றார். "சிரிக்க வச்சாத்தான் மனசுல நிக்கும்."

"யார் மனசுல பாஸ்டர்?"

"நீங்க எல்லாத்தையும் ரொம்பப் பெருசா எடுத்துக்கிறீங்க."

பேர் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. அந்த வாரமே தெருமுனை டீக்கடையில் யாரோ அவள் புருஷனிடம், "என்ன மாப்ள, ஒன் வீட்டுத் தட்டு பரலோகம் வரைக்கும் பறக்குதாம்ல?" என்று கேட்டிருக்கிறான். அன்று சாயங்காலம் அவன் தட்டை எறியவில்லை. அவளையும் பிள்ளையையும் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினான். நானும் என் வீட்டுக்காரரும் போய் இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவள் உதடு வீங்கியிருந்தது. "ஆண்டவர்கிட்ட சொன்னது டீக்கடைக்கு எப்படிக்கா போச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றுவரை எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அடுத்த ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராகச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். "நம்பிச் சொன்ன ஒரு ஜெபத்த இங்க வேடிக்கையாக்குனாங்க. நாம சிரிச்சோம். அந்தச் சிரிப்பு ஒரு பொம்பளைய அடிவாங்க வச்சிருக்கு" என்றேன்.

முன்வரிசையில் இருந்த சபை மூப்பர் திரும்பினார். "டீச்சரம்மா, சாட்சி நேரத்துல குறை சொல்லக் கூடாது."

"பிரசங்க நேரத்துல கேலி பண்ணலாமாண்ணே?"

அவர் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விசும்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் போதகர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்கம்மா" என்றார் அவளிடம். அந்த வீங்கிய உதட்டைப் பார்த்துக்கொண்டே 'புண்பட்டிருந்தா' என்று எப்படிச் சொல்ல முடிந்தது அவருக்கு? அவளோ, "சரிங்கய்யா" என்று சொல்லி அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவளுடைய அண்ணன் வந்து இருவரையும் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். மில் வேலை போயிற்று. அதற்குப் பின் போதகர் மேடையில் என்ன வேடிக்கை சொன்னாலும் பெண்கள் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் கூடிப் பேசி முடிவெடுத்ததில்லை அது. சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறையில் அவளைப் பார்க்க அவள் ஊருக்குப் போனேன். களையெடுக்கப் போய்வருவதாகச் சொன்னாள். பிள்ளை ஓரளவு தேறியிருந்தது.

"கோயிலுக்குப் போறியா?"

"போறேன்க்கா. கண்ண மூடிக்கிறேன். வாயத் தொறக்குறதில்ல."

இதைப் போதகர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றுதான் ஊர் திரும்பினேன். அதற்குள் அவர் நகரத்தில் ஒரு பெரிய சபைக்குப் போயிருந்தார். நகைச்சுவையாகப் பேசுகிறவர் என்று அவர்களே விரும்பிக் கேட்டு அழைத்துக்கொண்டார்களாம்.