எந்த நம்பர்?

கணவர் இறந்து நான்கு மாதம். மகளின் படிப்புக்காக மாதம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போட வேண்டும். கணக்கை வங்கியில் திறப்பதா, செயலியிலா என்று சந்தாபுராவில் இருக்கும் சுகந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஞாயிறன்று கொழுந்தன் ஹரிஷ்குமார் அவள் போனில் செயலியை இறக்கிக் கொடுத்தான். நம்பரை அவளே தட்டினாள்.

"ஓடிபி வந்துச்சா, அண்ணி?"

வரவில்லை. பீரோவுக்குள் கணவரின் போன் ஒலித்தது. அதற்கு இன்னமும் தவறாமல் சார்ஜ் போடுகிறாள். எந்தப் படிவமானாலும் அவர் நம்பரைப் போட்டே கை பழகியிருந்தது.

எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பீரோவைத் திறக்கவில்லை.

"என் நம்பர் என்னப்பா?"

"உங்க நம்பரே தெரியாதா?"

"யாரு கேட்டா? பேங்குலயும் அவரு நம்பர்தான் இருக்கு. இந்த ஆப்லயே என் நம்பர்ல திறந்துடலாம், சொல்லு."

அவன் சொல்லச் சொல்லத் தட்டினாள். இம்முறை அவள் கைக்குள் ஒலித்தது.