கூட்டம் உள்ள பஸ்

பஸ் நிற்பதற்குள் பஸீலா தன் கைப்பையை ஜன்னல் வழியாக உள்ளே எறிந்துவிடுவாள். சாயங்காலம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குள் புளியங்குடி ரோட்டு டவுன் பஸ் வளைந்து வரும்போது நாங்கள் எல்லோரும் கைக்குட்டை, குடை, காய்கறிப் பை என்று அகப்பட்டதை எறிந்துதான் இடம் பிடிப்போம். துபாயில் வாங்கிய தோல் பையை எறிகிறவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் அதற்குள் பாஸ்போர்ட்டும் இருந்தது. பதறிப்போய்க் கேட்டேன்.

"பாஸ்போர்ட்டு போனா வேற எடுத்துக்கிடலாம்க்கா. ஜன்னல் சீட்டு போனா போனதுதான்."

ஷார்ஜாவிலிருந்து புருஷனோடு லீவில் வந்திருந்தாள். லீவில் வருகிறவர்கள் குற்றாலம் போவார்கள், கல்யாண வீடுகளுக்குப் போவார்கள். இவள் தினமும் காலையில் எங்களோடு டவுன் பஸ்ஸில் சங்கரன்கோவில் போய், சாயங்காலம் எங்களோடே திரும்பினாள். நான் அங்கே ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். எனக்குப் போகாமல் முடியாது. இவளுக்கு என்ன தலையெழுத்து?

"ஷார்ஜாவுல வேலைக்குப் போறதுன்னா லிப்ட்ல மூணு மாடி எறங்குறதுதாங்க்கா. மேல வீடு, கீழ சூப்பர் மார்க்கெட்டு, அதுல நான் கேஷியர். லிப்ட்டுக்குள்ள யாருட்ட சண்டை போட? கண்ணாடியில நம்ம மூஞ்சிதான் இருக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் சங்கரன்கோவில் ரதவீதி ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்ற கால், முதலாளியின் முணுமுணுப்பு, சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு 'பொறவு வாரோம்' என்று நழுவும் கூட்டம் எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துவிடுவாள். பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஊர் வந்தாலும் முடியாது.

கேட்பதற்கு ஆளை அவளே பிடிப்பாள். பக்கத்தில் கல்லூரிப் பெண் யாராவது காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு காதிலிருந்து இயர்போனை மெதுவாக உருவித் தன் காதில் வைத்துக்கொள்வாள். கொஞ்சம் கேட்டுவிட்டு, "பாட்டு பரவால்ல. எங்கிட்ட இதவிட நல்ல கதை ஒண்ணு இருக்கு" என்பாள். அந்தப் பெண் இன்னொரு காதிலிருந்தும் கழற்ற வேண்டியதுதான்.

அவளுடைய பெரிய கதை சிஹாபுதீன் கதை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன புதிது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் பெண்கள் மட்டும் நின்றால் பஸ் நிற்காமல் பறந்துவிடும். ஆண் ஒருவர் நின்றால் நிற்கும். பஸீலா யோசித்தாள். விசாவுக்குக் காத்துக்கொண்டு ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஏசி மெக்கானிக் சிஹாபுதீனைச் சட்டையை உள்ளே விடச் சொல்லி ரோட்டோரம் நிறுத்தினாள். பெண்கள் அத்தனை பேரும் கருவேலம் புதருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்கள். பஸ் நின்றதும் புதர் முழுக்க எழுந்து வந்து ஏறியது. சிஹாபுதீன் கீழேயே நின்றுகொண்டு கையை ஆட்டினான்.

"நான் நிக்காம ஒண்ணும் போகல. அன்னைக்கு பிரேக்கு சரியில்ல" என்று ஸ்டியரிங்கில் இருந்தபடியே மறுப்பார் டிரைவர் பவுல்பாண்டியன்.

"ஆம்பளையக் கண்டா மட்டும் பிடிக்கிற பிரேக்கு அண்ணாச்சி அது."

சில நாளில் அவர் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டார். 'அந்தத் தம்பி ஏறுனாத்தான் வண்டி நகரும்' என்று எஞ்சினை ஆப் செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். அன்று முதல் சிஹாபுதீன் டிக்கெட் எடுத்து ஏறி, ஒரு வேலையும் இல்லாமல் ரதவீதியைச் சுற்றிவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

"பொறவு ஒருநா கேக்காவ, 'தினமும் எதுக்கு சங்கரன்கோவிலு போறன்னு எங்க வீட்ல கேக்காங்க. ஒன்னப் பாக்கத்தான்னு சொல்லிரவா?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல. ஆளு வரலேன்னா பஸ்ஸு நிக்காதே. சரின்னுட்டேன்."

இதெல்லாம் கல்யாணத்துக்கு முந்திய கதை. இந்த லீவில் அவள் வீட்டில் சொல்லியிருந்தது வேறு: சங்கரன்கோவிலில் பல் டாக்டரிடம் போகிறேன், வேர் வரைக்கும் சுத்தம் பண்ண நாளாகுமாம். உண்மையில் போனது பழைய ஜவுளிக்கடைக்கு. பண்டிகைக் கூட்டத்துக்கு ஆள் இல்லை என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். மாமியார் ஷம்சாத் பேகம் மருமகளின் பல்லுக்காகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்புவார். அதை எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் குடிப்பார். பஸீலா புரோட்டா சாப்பிடுவாள். விலக்கில் இறங்கும்போது கன்னத்தில் கையை வைத்துக்கொள்வாள். பாதி நாள் வலது கன்னம், பாதி நாள் இடது.

ஷார்ஜாவுக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கையில் சிஹாபுதீன் சட்டை எடுக்கச் சங்கரன்கோவில் வந்தான். அவன் நுழைந்தது அந்தக் கடை. சட்டையைப் பில் போடும் இடத்தில் வைத்தான். தலையைத் தூக்காமலே பஸீலா கேட்டாள்: "கேஷா, ஜீபேயா?"

காசும் நீளவில்லை, போனும் நீளவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் பை ஜன்னல் வழியாகப் பறக்கவில்லை. இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் காதில் இருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம்.

"ஏட்டி, பல்லு எப்படி இருக்கு?" என்றான் சிஹாபுதீன்.

"இருக்கு."

"எங்கம்மா ஒன் பல்லுக்காக துவாச் செய்யுதா."

பஸீலா கன்னத்துக்குப் போன கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"லீவு முடியுத வரைக்கும்தானே இந்த வேலை?"

"முதலாளி நிரந்தரமா இருந்துக்கோன்னு சொல்லுதாரு."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னேன்."

சிஹாபுதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கேட்டான்: "அப்போ நான் மட்டும் போகவா?" கோபமாகக் கேட்டிருந்தால் நாங்கள் ரசித்திருப்போம். வழி கேட்கிற மாதிரி கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இங்கன ஒரு நாளைக்கு இந்த பஸ்ஸு பூராவும் பேசுதேன் மச்சான். அங்கன 'பை வேணுமா, வேண்டாமா'ன்னு கேக்கேன், அவ்வளவுதான். நீங்க ஏசி ரிப்பேருக்குப் போயிட்டு வந்து படுத்தா காலையிலதான் முழிக்கிய. எனக்கு நாக்கே மரத்துப்போச்சு."

"எங்கிட்ட சொல்லலாம்லா?"

"எப்போ?"

முன்னாலிருந்து பவுல்பாண்டியன் குரல் கொடுத்தார்: "தம்பி, இவ வந்த நாளா எனக்கு என் ஹாரனே கேக்கல. தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிருங்க."

பஸ் சிரித்தது. பஸீலாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிஹாபுதீன் அவள் பக்கம் திரும்பினான்.

"துபாய்ல எதாவது கடையில வேலை பாத்தா, ஷார்ஜாவுல இருந்து பஸ்ஸுலதான் போகணும். ரோடு அடைச்சு நிக்கும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். சனம் பூரா வஞ்சுக்கிட்டும் சண்டை போட்டுக்கிட்டும்தான் போவுது."

"நெசமாவா? கூட்டம் இருக்குமா?"

"சில நாளு நிக்கக்கூட எடம் இருக்காது."

"என்ன பாசை பேசுவாவ?"

"எல்லாப் பாசையும்."

பஸீலாவின் முகம் கடைசி சீட்டிலிருந்து டிரைவர் வரைக்கும் தெரிகிற அளவுக்கு மலர்ந்தது. "அப்போ சரி. வாரேன்."

அவர்கள் புறப்பட்ட காலையில் விலக்கில் நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். பஸ் வரவே இல்லை. எனக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய மனு கையில் இருந்தது. ஊருக்குள்ளிருந்து பஸீலாவின் கார் வந்தது. சாயங்காலம் திருவனந்தபுரத்தில் விமானம். மேற்கே புளியங்குடிப் பக்கம் திரும்ப வேண்டிய கார். எங்களைப் பார்த்ததும் நின்றது. பஸீலா இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க."

"பஸீலா, பிளைட்டு" என்றான் சிஹாபுதீன்.

"பிளைட்டு சாயங்காலம்தான் மச்சான். இவியளுக்கு வேலை இப்போ." பின் சீட்டுப் பெட்டியைத் தூக்கி முன்னால் இருந்த அவன் மடியில் வைத்தாள். எங்களை ஒவ்வொருவராக உள்ளே தள்ளினாள். கடைசியில் தானும் பாதி இடத்தில் ஒட்டிக்கொண்டு, கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கண்டக்டர் மாதிரி கதவுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். கார் சங்கரன்கோவில் பக்கம் திரும்பியது.