கடலூர்க் கைதிகள்

ரெட்டியார்பாளையம் அந்துவானெத்துக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு நெல்லித்தோப்பு லேப்பில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சிரிப்பு தயாரித்துக் கொடுப்பாள். அதே மேசையில், அதே கருவிகளால், விரல் உயர ஈயச் சிப்பாய் பொம்மைகளுக்கு வர்ணமும் அடிப்பாள். தம்பி ஃபாபிரிஸ் பாரிஸிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டி நிறைய வர்ணம் பூசாத சிப்பாய்களாகக் கொண்டுவருவான். சென்ட் பாட்டில் எதிர்பார்த்த சொந்தபந்தம் முகத்தைச் சுளிக்கும். அக்காளுக்கோ வாயெல்லாம் பல்.

கணவர் லூதோவிக் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். "நான் நெஜத் துப்பாக்கி தூக்கினவன். இந்தக் கூத்துக்கெல்லாம் என்னக் கூப்புடாத" என்று நழுவிவிடுவார்.

வம்பு கடலூரிலிருந்து வந்தது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சந்திரமோகன், தன் முன்பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்க்க லேப்புக்கு வந்தார். காயவைத்த பற்களுக்கு நடுவே விறைப்பாக நின்ற பிரெஞ்சுச் சிப்பாயைக் கண்டதும் பல்லை மறந்துவிட்டார். "மதாம், இவனோட எதிரி எங்க வீட்டு அலமாரியில இருக்கான்" என்றார். சிவப்புக் கோட்டு ஆங்கிலேயப் படை ஒன்றையே அவர் சேர்த்து வைத்திருந்தார்.

அன்று முதல், வருடா வருடம் பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்துவானெத் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 1760ஆம் வருடத்து வந்தவாசிப் போர் நடக்கும். பகடை உருட்டித்தான் சண்டை. தோற்றவர் தன் சிப்பாய் ஒருவனைக் கைதியாகக் கொடுத்துவிட வேண்டும். நிஜப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குளத்துக் கரைக்குள் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். ஆங்கிலேயர் குண்டு அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் விழுந்து வெடிக்க, அந்தப் பக்கத்துப் படை சிதறியது. அந்துவானெத்தும் புத்தகத்தில் உள்ளபடி வண்டியைக் குளத்துக்குள்ளேயே வைப்பாள். சந்திரமோகன் குளத்தைக் குறிவைத்து உருட்டுவார். ஆறு விழுந்தால் வண்டி காலி, படையும் காலி. எப்படியோ ஆட்டம் முடிவதற்குள் அந்தப் பாழாய்ப்போன ஆறு விழுந்துவிடும்.

இப்படி ஐந்து வருடத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். கொடிக்காரன், கொட்டுக்காரன் என்று பொறுக்கி எடுத்தாற்போல் அவளுடைய அருமையான வேலைகளையே மனுஷன் கொண்டுபோனார். போதாக்குறைக்கு, 'கைதிகள் நலம்' என்று காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் படம் வேறு. அவளுக்கு வயிறு எரியும்.

இந்த வருடம் ஃபோனிலேயே பந்தயத்தை ஏற்றினார். "ஜெயிச்சா அஞ்சு பேரையும் அழச்சிக்கிட்டுப் போங்க மதாம். தோத்தா குதிரை மேல இருக்கிற தளபதி எனக்கு."

அந்தத் தளபதிக்காக அவள் ஒரு கோடைகாலம் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். இருந்தும் ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், தோற்ற களத்தை நேரிலேயே ஒரு தடவை பார்த்துவிடுவது என்று தோன்றியது.

தம்பியைப் பார்க்கப் போனபோது வெர்தன் போர்க்களத்தைச் சுற்றி வந்தவள், கூப்பிடு தூரத்தில் இருக்கும் வந்தவாசியை எட்டிப் பார்த்ததில்லை. இப்போது லூதோவிக்கையும் இழுத்துக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் மாறிப் போய் இறங்கினாள். கோட்டைச் சுவரைப் பார்த்தார்கள். அதைத் தாண்டி நடந்தபோது தண்ணீர் வற்றிய குளம் ஒன்று இருந்தது. இதுதான் அந்தக் குளம் என்று சத்தியம் பண்ண அங்கே ஆள் இல்லை. இதுமாதிரி ஒன்று போதும் என்று அவள் உள்ளே இறங்கினாள்.

நாலு பக்கமும் கரை. நடுவில் நின்றால் இரண்டு மாட்டுவண்டி திரும்ப இடமில்லை.

"இத்தினிக்காணு எடத்துல பீரங்கியும் மருந்து வண்டியும் ஒண்ணா வச்சானா?" அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் லேப்புல வெளக்குப் பக்கத்துல எவளாவது ஸ்பிரிட் பாட்டில வச்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். இவன்லாம் ஒரு தளபதி!"

கரைமேல் நின்ற லூதோவிக் சிரித்தார். "அந்தாளு ஒரு தடவதான் வச்சான். நீ அஞ்சு வருஷமா அங்கியே வக்கிறியே?"

அவளுக்குச் சுருக்கென்றது. வரலாற்றில் கை வைக்கக் கூடாது என்று அவளாகவே போட்டுக்கொண்ட விலங்கு அது. ஆட்ட விதிப்படி அவரவர் எல்லைக்குள் எதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரமோகன் மேசையைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். "மதாம், மருந்து வண்டிய மறந்துட்டீங்களே?"

"மறக்கல சார். தோ, கோட்டைக்குப் பின்னாடி நிக்குது."

"வரலாற்றுல அங்க இல்லியே!"

"வரலாற்றுல தோத்தாங்க சார்."

ஆனால் இதற்கு விலை உண்டு. மருந்தைத் தூரத்திலிருந்து சுமந்து வர வேண்டியிருப்பதால் அவளுடைய பீரங்கிகள் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் சுட முடியும். அந்த இடைவெளியில் சிவப்புக் கோட்டுகள் குளத்தை நெருங்கிவிட்டன. சந்திரமோகன் உருட்டினார். ஆறு! பழக்க தோஷத்தில் கைதட்டப் போனவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். குளத்தில் வெடிக்க ஒன்றுமில்லை.

அவருடைய முன்வரிசை கரையில் முட்டித் திணறியது. இப்போது பாய்ந்தால்தான் உண்டு. ஆனால் பாய அவளிடம் மிச்சமிருந்தது குதிரைத் தளபதி மட்டும்தான். அவன் விழுந்தால் ஆட்டமும் போச்சு, அவனும் கடலூருக்குப் போவான். அந்துவானெத் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு அவனைக் கரை தாண்டி முன்னே நகர்த்திவிட்டு உருட்டினாள். நாலுக்கு மேல் வேண்டும்.

ஐந்து விழுந்தது.

"பிராவோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதிர்ந்தது. கூத்துக்குக் கூப்பிடாதே என்றவர், காப்பி ஆறிப்போன டம்ளரோடு எத்தனை நேரமாக அங்கே நிற்கிறாரோ.

சிவப்பு வரிசை உடைந்து ஓடியது. சந்திரமோகன் பையிலிருந்து ஒரு ஸ்வீட் பாக்ஸை எடுத்தார். ஜெயித்த பிறகு வரிசையாக நிறுத்திக் காட்டி அவளை வெறுப்பேற்றலாம் என்று கைதிகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பஞ்சைப் பிரித்து ஒவ்வொருவனையும் அவளே வெளியே எடுத்தாள். கொடி மடங்கவில்லை, கொட்டில் தூசி இல்லை. மனுஷன் கண்ணும் கருத்துமாகத்தான் வைத்திருந்திருக்கிறார். ஐந்து பேரையும் தளபதிக்குப் பின்னால் நிறுத்தியபோது அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சந்திரமோகன் தலையைச் சொறிந்தார். "மதாம், அடுத்த வருஷம் பக்கம் மாத்திக்கலாமா? நான் பிரெஞ்சுக்காரங்கள எடுத்துக்கிறேன்."

"நான் தோத்துக்கினு இருந்தப்ப ஒரு தடவகூட கேக்கலியே சார்" என்றாள் அந்துவானெத். "இப்ப தர மாட்டேன்."