மேடம் கேட்ட மவுண்டன் பைக்

இன்று மாலை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மவுண்டன் பைக் வாங்கப் போனேன். கணவரும் கூட வந்தார்.

"பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

உடனே முன்னால் கூடை வைத்த சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். நான் கீரை வாங்கப் போகவில்லை. அதைத் தாண்டிப் போய், டிஸ்க் பிரேக் வைத்த கறுப்பு வண்டியைக் காட்டினேன்.

"அது ஹெவியா இருக்கும் மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கியர், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் என் கணவருக்கு விளக்க ஆரம்பித்தார். நான் கேட்ட கேள்விகளுக்கும் கணவரைப் பார்த்துத்தான் பதில். இவரும் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு வண்டியை எடுத்தேன். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த பக்கத்துத் தெருவில் நன்றாக ஓட்டிவிட்டு வந்தேன்.

"முன்னாடி சஸ்பென்ஷன் டைட்டா இருக்கு. கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் வண்டியை வாங்கி அப்படியே கணவர் பக்கம் திருப்பினார். "சார், நீங்க ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு சொல்லுங்க. அப்புறம் பில் போட்டுடலாம்."

கணவர் இரண்டடி பின்னால் போனார். "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க."

போன மாதம் இவருக்கு எஸ்பிரெஸோ மெஷின் வாங்கிய கடையிலும் இதே கதைதான். அங்கே எல்லாவற்றையும் என்னிடம் விளக்கினார்கள். எனக்குக் காபி குடிக்க மட்டும்தான் தெரியும்.

ஞாயிறு காலை கேளம்பாக்கம் வரை ஓட்டப் போகிறேன். கூட வருகிறவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எல்லோருக்கும் காபி உண்டு. சார் போடுவார்.