முனிக்குக் கொடுத்த இரும்பு

தோட்டத்தில் பயப்படுவதற்கென்று ஒரு வேலை இருந்திருந்தால் அதற்கு நான்தான் தலைமைக் கங்காணி. அட்டைக்குப் பயப்படுவேன். சிறுத்தைக்குப் பயப்படுவேன். பெரியதொரை பங்களா நாய் தூங்கிக்கொண்டிருந்தாலும் பயப்படுவேன். ஆனால் வாழ்க்கையிலேயே என்னை அதிகமாக நடுங்க வைத்தது, உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் துண்டு.

அப்போது நான் இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். உருளைகளுக்குக் கிரீஸ் போடுவது, பெல்ட்டு அறுந்தால் தைப்பது, மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் கேட்கிற ஸ்பேனரைத் தவிர மற்ற எல்லா ஸ்பேனரையும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பிட்டர் ஒருநாள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கிளம்பிப் போனார். மறுநாளிலிருந்து நான் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகள் முழுக்க, "இனி நாந்தான் பிட்டரு" என்று சொல்லித் திரிந்தேன். பிட்டருக்குத் தனி வீடு உண்டு, தனிக் குசினி உண்டு. என் மனைவிக்கு ஏழு மாதம். நாங்கள் இருந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் இரண்டு பேர் திரும்பிப் படுப்பதற்கே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் லொறியில் தட்டுக் கலப்பை வந்து இறங்கியது. ஏழாம் நம்பர் மலைக்கு மேலே இருந்த சாய்வான புல்வெளியை உழுது கிழங்கு போடுவதாகத் தோட்டத்தை நடத்தும் பெரியதொரைக்கு யோசனை. நுவரெலியாப் பக்கம் ஏதோ பண்ணையில் அடிபட்டுக் கிடந்ததை வாங்கியிருந்தார். இருசு என்கிற அச்சுக் கம்பி நாலு, ஒவ்வொன்றிலும் ஆறு வட்டத் தட்டு, குழிந்த சாப்பாட்டுத் தட்டைப் போல, ஆனால் விளிம்பு கத்தி. டிராக்டர் இழுத்தால் தட்டுகள் உருண்டு மண்கட்டியை வெட்டும். வந்த கோலத்தில் அது துருவை மட்டும்தான் வெட்டும் போலிருந்தது.

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் நிற்கும்போது தொரை தன் அரைகுறைத் தமிழில் கேட்டார். "இது செய்ய யாரு தெரியும்?"

முந்நூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயால் கெட்டவன் வேறு என்ன செய்வான்? "தெரியுங்க, தொரை" என்றேன்.

"நீ செஞ்சா, பிட்டர். செய்யாது, பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு என்பது தோட்டத்தை விட்டு அனுப்பும்போது கையில் கொடுக்கிற சீட்டு. அது வந்தால் வேலையோடு காம்பராவும் போகும். ஏழு மாதக்காரியோடு எந்தத் தோட்ட வாசலில் போய் நிற்பது? அன்றே ஸ்பேனரோடு கலப்பையடியில் உட்கார்ந்தேன், பத்து நாள் வேலை.

மூன்று இருசு சுமாராகச் சுற்றின. நாலாவது அசையவே இல்லை. அதை மட்டும் கழற்றினேன். நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினேன், நெருப்பு வைத்தேன், கெஞ்சினேன். கெஞ்சலுக்குத்தான் அசைந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். உள்ளே இருசைத் தாங்கும் மரக்கட்டை தேய்ந்து தூளாயிருந்தது. வேறு கட்டைக்கு எங்கே போவது? பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைத் தூர் ஒன்றை எடுத்தேன். உளியையே கடிக்கிற மரம் அது. இரண்டாகப் பிளந்து குடைந்து, பழைய எஞ்சின் எண்ணெயில் ஒரு பகல் வேகவைத்தேன். வாசனை லயத்துக்குள் போய்விட்டது.

"என்னங்க, இன்னைக்கி என்ன கறி?" என்றாள் மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டு. "தொரைக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க."

கலப்பை முழுவதையும் பச்சைப் பெயின்ட்டால் குளிப்பாட்டினேன். மற்ற மூன்று இருசின் முனைகளிலும் வருஷக்கணக்கான மண்ணும் கிரீஸும் கல்லாக இறுகியிருந்தன. சுரண்டச் சோம்பல். அதன்மேலேயே பூசிவிட்டேன். கடைசியில் ஆறு தட்டையும் அந்த நாலாவது இருசில் கோத்து, ஸ்பேனரில் குழாயைச் செருகி, இரண்டு பேர் தொங்கி நட்டை முடுக்கினோம். முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், கழற்றிய சாமான் போட்ட சாக்கில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு மிச்சம். நடுவே ஆறு மூலை ஓட்டை, ஓரத்தில் சின்ன ஓட்டை.

நான் எதைப் பிரித்து மாட்டினாலும் ஏதாவது மிஞ்சும். அது வழக்கம்தான். ஆனால் இது மிஞ்சிய விதம் சரியில்லை. கலப்பையை மூன்று முறை சுற்றி வந்தேன். எங்கேயும் இடம் காலியில்லை. யாரிடமாவது கேட்கலாம், கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். மடியில் வைத்துக்கொண்டேன். நடக்கும்போதெல்லாம் தொடையில் இடித்து, "நான் எங்கே, நான் எங்கே" என்றது.

ஸ்டோரில் ரோதை என்கிற பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் உண்டு. அதுதான் ரோதைமுனி, எங்கள் மிஷின்களுக்குக் காவல். மிஷினில் கை வைக்கும் முன் சூடம் கொளுத்திக் கும்பிடுவோம். தகட்டைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து முனியின் காலடியில் போட்டேன். "சாமி, இது எங்கே போகும்னு உனக்குத் தெரியும். நீயே வச்சுக்க." அன்று சோறு இறங்கியது.

உழவு தொடங்கிய காலை தேங்காய் உடைத்தோம். டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். நாலு இருசின் முனைக்கும் சந்தனத்தால் மூன்று கோடு பட்டை போட்டேன், மூன்றில் மண்கட்டியின் மேலேயே, நாலாவதில் நட்டையும் இருசையும் சேர்த்து, நெற்றிக்குப் போடுவதுபோல. தொரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கீழே ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் நிரையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நிரையில் என் மனைவி.

முதல் சுற்று போய் வந்தது. மண் புரண்டு விழுந்த அழகைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது. டிராக்டர் திரும்புவதற்காக நின்றபோது பக்கத்தில் போனேன். மூன்று இருசில் பட்டை நேராக இருந்தது. நாலாவதில் பட்டை உடைந்திருந்தது. இருசின் மேலிருந்த கோடு ஒரு பக்கம் பார்க்க, நட்டின் மேலிருந்த கோடு இன்னொரு பக்கம் பார்த்தது.

நட்டு கழன்றுகொண்டிருந்தது.

ஆறு மூலை ஓட்டை எதற்கு என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. நட்டின்மேல் கவ்வி, அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிற தகடு அது. அது இல்லாமல் இன்னும் இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ. அப்புறம் ஆறு தட்டும் இருசை விட்டு வெளியே வரும். வந்தால் நிற்காது. சரிவில் சக்கரமாக உருளும். கீழே மூன்றாவது நிரையில் அவள் குனிந்திருந்தாள். முதுகில் கூடை, முன்னால் வயிறு.

சொன்னால் பத்துச்சீட்டு. சொல்லாவிட்டால்? டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. கால் என்னைக் கேட்காமலே ஓடி, அதற்கு முன்னால் போய் நின்றது.

"மொகத பாஸ்! பிஸ்ஸுத?" என்று டிரைவர் கத்தினார். அவர் சிங்களவர். என்னைப் பாஸ் என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, பைத்தியமா என்றும் கேட்டார்.

தொரை வந்தார். "என்னா?"

"தொரை, ஒரு சாமான் போடல. நட்டு கழறுது."

"சாமான் எங்கே?"

"சாமிகிட்ட இருக்குதுங்க, தொரை."

தொரை டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

"சாமி எப்போ குடுக்கும்?"

"அரை மணித்தியாலத்துல, தொரை."

ஓடினேன். அட்டை, நாய் எதுவும் ஞாபகத்தில் இல்லை. முனிக்கு முன்னால் ஸ்டோர் வாச்சர் கையை விரித்து மறித்தார். சூடம் கொளுத்துகிற பொறுப்பு அவருடையது.

"முனிக்குப் போட்ட இரும்ப எடுத்தா கை வெளங்காதுடா, தம்பி."

"எடுக்கலன்னா மலையில நிக்கிற ஆளுங்க வெளங்கமாட்டாங்கண்ணே. விடுங்க."

"அப்ப பதிலுக்கு ஒரு இரும்பு வச்சுட்டு எடு."

கையில் இருந்ததை வைத்தேன், தகட்டை எடுத்தேன், ஓடினேன். புல்வெளிக்கு மூச்சு வாங்கி வந்து சேர்ந்து தகட்டை நீட்டினால், டிரைவர் என் மறு கையைப் பார்த்தார்.

"பாஸ், ஸ்பேனர் எக்க கோ?"

ஸ்பேனர் எங்கே என்று கேட்டார். அதைத்தான் முனிக்கு வைத்துவிட்டு வந்திருந்தேன்.

டிரைவர் தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிறகு மற்ற இருசு ஒன்றின் முனையில், நான் அழகாகப் பச்சை பூசிய மண்கட்டியைக் காலால் உதைத்தார். கட்டி உடைந்து விழுந்தது. உள்ளே அதே தகடு, அதே ஆறு மூலை ஓட்டை, நட்டைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்து நாளாகப் பதில் அங்கேயே இருந்திருக்கிறது. நான் அதற்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன்.

நட்டை மறுபடி முடுக்கித் தகட்டைப் பூட்டினேன். சின்ன போல்ட்டு மூன்று முறை புல்லில் விழுந்தது. தொரை மூன்று முறையும் காலை நகர்த்தி இடம் விட்டார்.

"நீ பிட்டர் இல்லே" என்றார் கடைசியில். பூட்டிய தகட்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "பத்துச்சீட்டும் இல்லே. இது கூட நட."

நடந்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, உழவு முடிகிறவரை ஒவ்வொரு சுற்றும். நாலு முனைக்கும் புதிதாகப் பட்டை போட்டு, கோடு கோட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தபடியே நடந்தேன்.

மத்தியானம் கொழுந்து நிறுக்க மேலே வந்த மனைவி சொன்னாள், "என்னங்க, காலையிலருந்து அது பின்னாலேயே சுத்துறீங்க. கட்டிக்கப் போறீங்களா?"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கூடையைக் கவிழ்த்துவிட்டு மறுபடி கீழே இறங்கினாள். அவள் தன் நிரையில் போய் நிற்கிறவரை நான் டிராக்டரைக் கிளப்ப விடவில்லை.