சாக்கடையில் விழுந்த பிண்டம்

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாதாம். வேலி வாசலில் தினமும் சோதனை. பால்வாளி, தூக்குச் சட்டி, பெண்களின் மடி என்று எதையும் விடமாட்டார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம்.

அப்பா காய்ச்சலில் இறந்த பதினாறாம் நாள் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கருமாதிப் பிண்டத்தை ஆற்றில் கரைக்க வேண்டும். ஆறு வேலிக்கு வெளியே. முதல் நாளே, எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் போய்ச் சொன்னேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர்.

"அதுக்கென்னடா, நான் வாசல்ல நிப்பேன், கொண்டா" என்றார்.

ஈர வேட்டியோடு, வாழையிலையில் மூன்று பிண்டங்களை ஏந்திப் போனேன். அம்மா பின்னால் வந்தாள். வாசலில் நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் இலையைப் பார்த்தார், என் மொட்டைத் தலையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.

நிறுத்தியது மண்டோர். சற்றுத் தள்ளி துரையின் ஜீப் நின்றிருந்தது.

"சோறு சோறுதான்லா! சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு!" என்று துரைக்குக் கேட்கும்படி கத்தினார். சோதனைக் கம்பியால் பிண்டத்தைக் குத்திக் கிளறினார். எள்ளும் சோறுமாகச் சிதறியது. அதற்குள் என்ன இருக்கும் என்று தேடினாரோ! மிச்சத்தை இலையோடு பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்.

"மண்டோரே, அது எங்கப்பாவுக்கு வச்சதுங்க!"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா சாக்கடை ஓரம் குந்தி, மிதந்த பருக்கைகளைக் கையால் அள்ளப் பார்த்தாள். நான்தான் தூக்கி நிறுத்தினேன்.

இரண்டு மாதத்தில் திருவிழா வந்தது. முதல் மரியாதை வழக்கம்போல் மண்டோருக்கு. பூசாரி பரிவட்டத்தை எடுத்ததும் நான் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"செத்தவன் சோத்தச் சாக்கடையில போட்ட ஆளுக்கா ஆத்தா பரிவட்டம்?"

மேளம் நின்றது. பூசாரியின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு கட்டிவிட்டார். அன்று வாசலில் நின்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மேளம் மறுபடி முழங்கியது.

மறுநாள் என் மரங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலையில் கோயில் கமிட்டிக்காரர் இருவர் வீட்டுக்கு வந்தனர்.

"சாமி காரியத்துல வாய விட்டுட்ட. மன்னிப்புக் கேட்டுடு, தம்பி."

"கேக்குறேண்ணே. எந்தச் சாமிகிட்டன்னு சொல்லுங்க."

எழுந்து போனார்கள்.

அந்த மாதமே கடலோரமாகச் சபாக் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போய்விட்டோம். அங்கே ஆற்றங்கரையில் மீண்டும் பிண்டம் வைத்தேன். மந்திரம் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அம்மாவே எள்ளை எடுத்துத் தந்து, அப்பாவின் பெயரை மூன்று முறை சொன்னாள்.