வேகம் குறையும் இடம்

என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் கொயர், அவள் இட்டுக்கட்டிய பாட்டையே நினைவு ஆராதனையில் பாடலாம் என்றது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நோட்டேஷன் வேண்டும். அவளோ எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. என் செல்போனில் ஒரு பதிவு இருந்தது: அவள் பாடுகிறாள், நான் கிட்டார் வாசிக்கிறேன், பின்னால் பஸ் ஹாரன். நானே எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் இருக்கும் மென்பொருளில் ஸ்வரத்தை எழுத்தாகவும் நீளத்தை எண்ணாகவும் தட்டச்சு செய்யவேண்டும். அதுவே அச்சடித்ததுபோல நோட்டேஷனாக்கித் தரும், வாசித்தும் காட்டும். கம்ப்யூட்டரோடு காலம் தள்ளியவனுக்கு அது பெரிய விஷயமில்லை. கஷ்டம் அவள் பாட்டில்தான் இருந்தது. சமமாக எழுதுகிற இரண்டு ஸ்வரங்களில் முதலாவதை நீட்டி, அடுத்ததைச் சுருக்கிப் பாடுவாள். ஸ்விங் என்பார்கள். மென்பொருள் வாசித்தபோது போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருந்தது. எரிச்சலில் லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுநாள் தாளின் தலையில் ஸ்விங் குறி போட்டு, வாசிப்பதற்குத் தனியாக ஒரு கட்டளையும் எழுதினேன். நடை வந்துவிட்டது. தோசை ஊற்றிக்கொண்டே அவள் முணுமுணுக்கிற அதே நடை. உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாவது வரியின் முடிவில் அவள் வேகத்தைக் குறைப்பாள். எல்லாச் சரணத்திலும் அதே இடம். பாட்டின் உயிரே அதுதான் என்று நினைத்திருந்தேன். வேகம் குறைய ஒரு கட்டளை, பழைய வேகத்துக்குத் திரும்ப இன்னொன்று. எண்களை மாற்றி மாற்றிப் போட்டு அவள் நிற்கிற அளவைப் பிடித்துவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஒத்திகையில் கொயரை நடத்துகிற பெண் தாளைப் பார்த்தாள்.

"அங்கிள், இங்க எதுக்கு ஸ்வல்ப ஸ்லோ ஆகுது? ஆன்ட்டி எங்களுக்குச் சொல்லிக்குடுக்கறப்ப ஒரே ஸ்பீடுலதான போவாங்க?"

"அவ பாட்டு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று சிடுசிடுத்தேன்.

அவள் தன் போனில் இருந்த பதிவைப் போட்டாள். கிட்டார் இல்லை. என் மனைவி கைதட்டிக்கொண்டே பாடுகிறாள். மூன்றாவது வரி நிற்காமல் போயிற்று. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் நிற்கவில்லை.

தாளைப் பார்த்தேன். அந்த இடத்தில் கிட்டாரின் கார்ட், அதாவது விரல் பிடி, மாறுகிறது. ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தவேண்டிய கார்ட். எனக்கு அது சட்டென்று விழாது. ஆனால் நான் தடுமாறியது யார் காதிலும் விழுந்ததில்லை, என் காதிலும்தான். கூட வாசித்த காலமெல்லாம் அவள் எனக்காக அங்கே நின்றிருக்கிறாள். கேலிக்குக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு கட்டளைகளையும் அழித்தேன். பாட்டு அவளுடையது. அது அவள் பாடியபடியே இருக்கட்டும்.

ஆராதனையன்று கிட்டாரோடு உட்கார்ந்தேன். மூன்றாவது வரி வந்தது. கொயர் நிற்காமல் அழகாகப் பாடிக்கொண்டு போய்விட்டது. நான் இன்னும் அந்தக் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.